முன்மொழிவு 305

சிடார் க்ரீக் சிறை
ஜனவரி 9, 1984

அன்புள்ள நாடீன் அக்காவுக்கு,

வெர்லின் எழுதுவது. நான் நலம். கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். பிடுங்கியவருக்கும் எனக்கும் அது ஒரு நல்ல பொழுதாக இல்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பனியை நீயே வாரிக் கொட்டாதே, யாராவது பையனைப் பிடித்துக் காசு கொடு.

கிறிஸ்துமஸ் பார்சல் வந்தது. கையுறைக்கு நன்றி. அதைவிட, உன் கல்லூரி மாணவர்கள் ஆடுகிறார்கள் என்று நீ தட்டச்சு செய்து அனுப்பிய அந்த ஆட்டத்துக்கு நன்றி. மூன்று தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. பலகை கிடையாது, காய் கிடையாது, விதிகளே காய்கள். ஒருவர் ஒரு விதியை மாற்றவோ புதிதாகச் சேர்க்கவோ எழுதிக் கேட்கிறார். மற்றவர் ஆம் என்றால் அது சட்டம், எழுதியவருக்குப் பத்துப் புள்ளி. இல்லை என்றால் பத்து கழியும். எந்த விதியையும் இப்படி மாற்றலாம், மாற்றும் முறையையே கூட மாற்றலாம்.

என் அறையில் இருக்கும் க்ளோவிஸுக்கு விளக்கிச் சொன்னேன். "ஜெயிக்கிறது எப்படிங்கிற விதியையே மாத்திக்கலாம்னா எவன்யா தோப்பான்?" என்றான். "சட்டசபையில வேற என்ன நடக்குது?" என்றேன். அன்றிலிருந்து மரியாதையாகப் பார்க்கிறான்.

புது விதிகள் 301-இல் தொடங்குகின்றன. இதோ என்னுடையது.

முன்மொழிவு 301: வாக்கைக் கடிதத்தில் மட்டுமே அளிக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் செல்லாது. (நாம் தொலைபேசியில் பேசினால் எப்படி முடியும் என்று உனக்கே தெரியும்.)

இன்னொன்று. மே 16-ஆம் தேதி பரோல் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. அவர்கள் சரி என்றால் தண்டனைக்காலம் முடியும் முன்பே, ஜூன் 9, சனிக்கிழமை வெளியே விடுவார்கள். ஆனால் எந்த வீட்டில் தங்குவேன் என்று முன்கூட்டியே காட்ட வேண்டும். முகவரி இல்லாதவனைக் குழு பார்ப்பதே இல்லை, அடுத்த வருடம் வா என்று அனுப்பிவிடுகிறது. உன் வீட்டு முகவரியைக் கொடுக்கட்டுமா? ஏப்ரல் முடிவதற்குள் சொன்னால் போதும்.

அன்புத் தம்பி,
வெர்லின்


பெல்ஃபோர்ட், இந்தியானா
ஜனவரி 23, 1984

அன்புள்ள வெர்லின்,

நலம். முழங்கால் குளிருக்கு முணுமுணுக்கிறது, நான் காது கொடுப்பதில்லை. பனியை நானேதான் வாரினேன். பல் பிடுங்கிய இடத்தில் உப்புத் தண்ணீர் கொப்பளி. பல் இருந்தபோதே நீ கேட்காத பேச்சு இது.

கல்லூரித் தத்துவத் துறையில் இந்த வாரம் தேர்வுத்தாள்கள். "உண்மை என்றால் என்ன" என்று நாற்பது பேர் எழுதியதை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சோளரொட்டியும் பீன்ஸும் தின்றுவிட்டுப் படுத்தேன்.

முன்மொழிவு 301: ஆம். உனக்குப் பத்து.

முன்மொழிவு 302: கடிதம் யாருடையதாக இருந்தாலும் முதலில் உடல்நலம் விசாரிக்க வேண்டும், அதன் பிறகே ஆட்டத்துக்கு வரலாம். காரணம்: எங்கள் மாணவர்கள் முதல் வரியிலேயே ஒருவரை ஒருவர் முட்டாள் என்று எழுதிக்கொள்கிறார்கள். இரண்டாம் பக்கம் வரை பொறுக்கலாம் என்பது என் கருத்து.

பக்கத்து வீட்டு மிஸஸ் பாலி புதிதாக ஒரு நாய் வாங்கியிருக்கிறாள். அது அவளைப் போலவே ஜன்னலில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
நாடீன்


சிடார் க்ரீக் சிறை
பிப்ரவரி 6, 1984

அன்புள்ள அக்கா,

நலமா? முழங்கால்? மிஸஸ் பாலியின் நாய்? (302-க்கு என் வாக்கு: ஆம். அது சட்டமாகும் முன்பே கடைப்பிடித்துவிட்டேன், கவனி.)

உன் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நாயைப் பற்றிப் பதில் வந்திருக்கிறது.

முன்மொழிவு 303: ஒருவர் கடிதத்தில் கேட்ட கேள்விக்கு மற்றவர் அடுத்த கடிதத்திலேயே பதில் சொல்ல வேண்டும்.

நல்ல விதி என்று நினைக்கிறேன். ஆட்டம் விறுவிறுப்பாகப் போகும். க்ளோவிஸ் எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், இது விதி மாதிரி தெரியல, வலை மாதிரி தெரியுது. உங்க அக்கா மாட்டுமா?" என்றான். உன்னை அவனுக்குத் தெரியாது.

இங்கே சாப்பாட்டில் வாரம் இரண்டு நாள் மீன் என்று ஒன்று வருகிறது. சலவை அறையில் வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், கதகதப்பாக இருக்கிறது.

அன்புடன்,
வெர்லின்


பெல்ஃபோர்ட்
பிப்ரவரி 20, 1984

அன்புள்ள வெர்லின்,

நான் நலம். நீ சலவை அறையில் கதகதப்பாக இருப்பது சந்தோஷம்.

முன்மொழிவு 303: இல்லை. உன்னிடம் இப்போது பூஜ்யம்.

காரணம் சொல்கிறேன். கேட்பவனுக்குக் கேட்க ஒரு நிமிஷம் போதும். பதில் சொல்பவளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்பவன் எப்படி முடிவு செய்யலாம்? இந்த விதியை ஏற்றால், நாளை நீ ஒரே கடிதத்தில் நூறு கேள்வி எழுதி என்னை மூழ்கடிக்கலாம். பேசாமல் இருப்பதும் ஆட்டத்தில் ஒரு நகர்வுதான். அதைப் பிடுங்க விடமாட்டேன்.

நீ வாதம் பண்ணுவதில் கெட்டிக்காரன். ஐந்து வருடத்துக்கு முன் "கீழறையில் நாலு பெட்டி மட்டும், ரெண்டே வாரம்தான் அக்கா" என்று நீ சொன்னபோதும் எனக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

முன்மொழிவு 304: இந்த ஆட்டத்தில் எழுதும் எந்த விதியும் காகிதத்துக்கு வெளியே செல்லாது. ஆட்டம் ஆட்டம், வீடு வீடு.

வாக்கை எழுது. கல்லூரிக் கூடைப்பந்து அணி மறுபடி தோற்றது. ஊரே துக்கத்தில் இருக்கிறது. எனக்குத் தலைவலி, வேறொன்றுமில்லை.

நாடீன்


சிடார் க்ரீக் சிறை
மார்ச் 3, 1984

அன்புள்ள அக்கா,

தலைவலி தீர்ந்ததா? நான் நலம்.

முன்மொழிவு 304: இல்லை. உனக்கும் எனக்கும் இப்போது சமம், இரண்டு பேரும் வெறுங்கை.

அதற்குக் காரணம் எழுத வேண்டும். இந்தக் கடிதம் கிழித்துக் கிழித்து எழுதுகிற நாலாவது. காகிதத்துக்கு வெளியே செல்லாத விதியை எழுதி எனக்கு என்ன ஆகப்போகிறது? இங்கே எனக்குக் காகிதத்தை விட்டால் எதுவும் இல்லை.

நான் உன்னிடம் இதுவரை எழுதாத ஒன்றை எழுதுகிறேன். அந்தப் பெட்டிகளில் திருட்டு ரேடியோக்கள் இருப்பது எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். தெரியாது என்று வழக்கில் சொன்னேன், உன்னிடமும் சொன்னேன். அது பொய். விடியற்காலையில் எட்டுப் போலீஸ்காரர்கள் உன் கதவை உடைத்து பூட்ஸோடு உள்ளே வந்தது என்னால். உன்னை இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தது என்னால். வங்கி வேலை போனதும் என்னால்தான். மன்னிப்புக் கேட்டு ஒரு வரி எழுத ஐந்து வருடம் ஆகியிருக்கிறது. மன்னித்துவிடு.

303-ஐ நீ தோற்கடித்தது சரி. நான் கேட்டதற்கு உனக்குத் தோன்றும்போது பதில் எழுது. இந்தியானாபொலிஸில், வெளியே வருபவர்கள் தங்க ஒரு விடுதி இருக்கிறது. பதினாலு பேர் எனக்கு முன்னால் காத்திருக்கிறார்கள். நீ மறுத்தாலும் என்னைக் கைகழுவிவிட்டாய் என்று நினைக்க மாட்டேன். ஒரு வருடம்தானே அக்கா, பழகினதுதான்.

இப்போது நகர்வு உன்னுடையது.

வெர்லின்


பெல்ஃபோர்ட்
ஏப்ரல் 2, 1984

அன்புள்ள வெர்லின்,

நலம். நீ நலமா? பதில் தாமதமானதற்கு உடம்பு காரணமில்லை.

மழை பெய்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை. எழுதினேன், கிழித்தேன், உன்னைப் போலவே. அதனால் நகர்வை மட்டும் அனுப்புகிறேன். 304 தோற்றுவிட்டது, ஆகவே இங்கே எழுதுவது வெளியிலும் செல்லும் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

முன்மொழிவு 305:
அ) ஜூன் 9 சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கிழக்கு வாசலுக்கு வெளியே ஒரு சாம்பல் நிற வண்டி நிற்கும். இன்ஜின் அணைக்கப்படாது.
ஆ) மாற்று உடை பின் இருக்கையில் இருக்கும்.
இ) அன்று முதல் பின்கதவு பூட்டப்படாது. வெளியே இருக்கும் ஆட்டக்காரர் யாரையும் கேட்காமல் உள்ளே வரலாம்.
ஈ) அவர் எத்தனை நாள் இருப்பார் என்று யாரும் கேட்கக் கூடாது.

உன் வாக்கை உடனே எழுது.

நாடீன்


சிடார் க்ரீக் சிறை
தபால் அறை
ஏப்ரல் 11, 1984

செல்வி நாடீன் சவுடர்ஸ் அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கைதி வெர்லின் சவுடர்ஸுக்குத் தாங்கள் ஏப்ரல் 2-ஆம் தேதி எழுதிய கடிதம் அவரிடம் கொடுக்கப்படவில்லை. அதில் நாள், நேரம், வாசல், ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, மாற்று உடை, பூட்டப்படாத கதவு ஆகியவை வரிசை எண்ணோடு குறிப்பிடப்பட்டுள்ளன. "304 தோற்றுவிட்டது" என்றும் ஒரு வரி உள்ளது. 304 என்பது யார்?

பரோல் குழு இன்னும் கூடவே இல்லை. தாங்கள் நாளைக் குறித்துவிட்டீர்கள்.

தங்கள் தம்பியின் முந்தைய கடிதங்களின் நகல்களையும் இப்போது திரும்பப் பார்த்தோம். அவற்றிலும் எண்கள். இது ஒரு விளையாட்டு என்று அவர் சொல்கிறார். நான் இந்த அறையில் பதினேழு வருடமாகக் கடிதம் படிக்கிறேன். பாட்டியின் கேக் செய்முறை என்று ஒருவர் அனுப்பியதில் மேற்கூரையின் வரைபடம் இருந்ததுண்டு.

விசாரணை முடியும் வரை அவர் தனி அறையில் வைக்கப்பட்டுள்ளார், தபால் நிறுத்தப்பட்டுள்ளது. ஏப்ரல் 25-ஆம் தேதி விசாரணை. தங்கள் விளக்கம் அதற்குள் எழுத்தில் வர வேண்டும். அது விசாரணையில் உரக்கப் படிக்கப்படும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் மே மாதப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும்.

ஐடா ரஸ்க்
பொறுப்பாளர், தபால் அறை


பெல்ஃபோர்ட்
ஏப்ரல் 14, 1984

மதிப்பிற்குரிய திருமதி ரஸ்க் அவர்களுக்கு,

நலம் விசாரித்ததற்கு நன்றி. தாங்களும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து மேஜைக்கு வர ஒரு மணி நேரமாயிற்று.

ஆட்டத்தின் முழு விதித்தாளையும் இதோடு வைத்திருக்கிறேன். 304 ஆள் இல்லை, ஒரு விதி. நான் கேட்டேன், அவன் மறுத்தான். சந்தேகமாக இருந்தால் எங்கள் கல்லூரியில் யாரையும் விசாரியுங்கள். அங்கே ஒரு கூட்டம் தினமும் இதையே ஆடிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் இருக்கிறது.

வண்டி என்னுடையது. இன்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது அதன் இஷ்டம், அதனால்தான் அணைக்க மாட்டேன் என்று எழுதினேன். மாற்று உடை அவனுடைய கோட்டு. அவன் உள்ளே போன நவம்பரிலிருந்து என் அலமாரியில் தொங்குகிறது. ஜூன் மாதத்தில் கோட்டு எதற்கு என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. ஜூன் 9 என்ற தேதியை அவனே ஜனவரியில் எழுதியிருந்தான், பரோல் கிடைத்தால் என்று. அந்த "கிடைத்தால்" என்ற சொல்லை நான் எழுத மறந்துவிட்டேன். பதினைந்து வருடமாகத் தட்டச்சு செய்கிறேன், ஒரு சொல் விட்டுப்போனதில்லை. இதில் விட்டுவிட்டேன்.

பின்கதவு என் சமையலறைக் கதவு. உங்கள் சிறையின் கதவு எதுவும் எனக்குத் தெரியாது. என் கதவை 1979-இல் போலீஸ் உடைத்தது. அதற்குப் பிறகு மூன்று பூட்டுப் போட்டிருக்கிறேன்.

இதை ஏன் நேராக எழுதாமல் எண் போட்டு எழுதினேன் என்று கேட்பீர்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது. நேராக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஜனவரியில் அவன் கேட்டான், மூன்று மாதம் நான் நாயைப் பற்றியும் கூடைப்பந்தைப் பற்றியும் எழுதினேன். முன்மொழிவாக எழுதினால் ஆட்டம்தானே, யாரும் என்னை முட்டாள் என்று சொல்ல முடியாது என்று நினைத்தேன். இப்போது அதனாலேயே அவன் தனி அறையில் இருக்கிறான்.

ஆகவே இந்த இடத்திலிருந்து விதி எதுவும் இல்லை.

என் தம்பி என் வீட்டுக்கு வர வேண்டும். அவன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தீரட்டும் என்று காத்திருந்தேன், தீரவில்லை. தீரும் வரை காத்தால் இருவரும் கிழமாகிவிடுவோம். என் கோபத்தோடேயே அவன் வரட்டும். அவன் பயலாக இருந்தபோது என் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருவான். அதை நினைத்து இதை எழுதவில்லை. மார்ச்சில் அவன் ஒரு உண்மையை எழுதினான், அதற்காக எழுதுகிறேன். பரோல் குழு கேட்கும் முகவரி இதுதான்: நாடீன் சவுடர்ஸ், 41 வால்நட் தெரு, பெல்ஃபோர்ட்.

இதை எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளுங்கள்.

நாடீன் சவுடர்ஸ்


சிடார் க்ரீக் சிறை
ஏப்ரல் 26, 1984

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலம். உன்னை விசாரிக்கச் சட்டம் சொல்கிறது, அது சொல்லாவிட்டாலும் விசாரித்திருப்பேன். சில நாள் வேறு அறையில் இருந்தேன். அமைதியாக இருந்தது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

நேற்று விசாரணை. துணைக் கண்காணிப்பாளர், ஒரு சார்ஜெண்ட், ஐடா ரஸ்க். நான் நடுவில் நின்றேன். துணைக் கண்காணிப்பாளர் உன் 305-ஐ மேஜைமேல் வைத்துத் தட்டினார்.

"இன்ஜின் அணைக்கப்படாதுன்னா என்னய்யா அர்த்தம்?"

"எங்க அக்கா வண்டிய நீங்க பாத்ததில்ல சார். பாத்திருந்தா கேக்க மாட்டீங்க."

"வாயக் குறை."

"சரி சார்."

அப்போது ஐடா, "விளக்கம் வந்திருக்கு சார்" என்று கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு உன் கடிதத்தை எடுத்தாள். எனக்கு அது இருப்பதே தெரியாது. நீ பதில் எழுதவில்லை, கடைசிவரை எழுதப்போவதில்லை என்றுதான் பதினாலு நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் சலவை எண்ணிக்கை வாசிக்கிற குரலில் வாசித்தாள். வண்டி. கோட்டு. மூன்று பூட்டு. சார்ஜெண்ட் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த இடத்திலிருந்து விதி எதுவும் இல்லை" என்ற வரி வந்ததும் ஐடா நிறுத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"என் கோபத்தோடேயே அவன் வரட்டும்" என்று அவள் படித்தபோது எனக்கு அடக்க முடியவில்லை.

"என்னய்யா, அழுவுறியா?" என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

"பல்லு வலி சார்."

"எந்தப் பல்லு?"

"புடுங்கின பல்லு சார்."

அவர் 305-ஐ மடித்து வைத்தார். பிறகு ஐடாவிடம், "இந்த ஆட்டத்த நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார்.

"மூணு நாளா படிக்கிறேன் சார். வீட்ல என் புருஷனோட ஆடிப் பாத்தேன். அந்தாளு முதல் விதியிலயே தான் சமைக்க வேண்டியதில்லன்னு போட்டாரு, நான் வாக்களிக்கல. ஆட்டந்தான் சார். மறைவா ஒண்ணுமில்ல."

"அப்ப முகவரிக் கடுதாசியா இதையே கோப்புல வைங்க. இவன அறைக்கு அனுப்புங்க."

அவ்வளவுதான். வெளியே நடந்து வரும்போது கால் தரையில் படுகிறதா என்றே தெரியவில்லை. நாலரை வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று எழுந்து போய்விட்டது. க்ளோவிஸ், "என்னய்யா, விட்டுட்டாங்களா?" என்றான். "இல்ல, கூப்ட்டுட்டாங்க" என்றேன். அவனுக்குப் புரியவில்லை, நான் விளக்கவும் இல்லை.

இனி ஆட்டம். உன் ஏப்ரல் 2 கடிதத்தை நேற்றுத்தான் கையில் கொடுத்தார்கள்.

முன்மொழிவு 305: இல்லை.

பதறாதே, படி. மூன்று பூட்டுப் போட்டவள் எனக்காக ஒன்றும் பூட்டாமல் தூங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. நீ தூங்கவும் மாட்டாய்.

முன்மொழிவு 306: பின்கதவு பூட்டியே இருக்கும், மூன்று பூட்டும். வெளியே இருக்கும் ஆட்டக்காரர் தட்ட வேண்டும். திறப்பதா வேண்டாமா என்பது உள்ளே இருப்பவர் முடிவு, ஒவ்வொரு தடவையும். வண்டி வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன்.

அன்புடன்,
வெர்லின்

(அடியில், வேறு கையெழுத்தில், நீல மையில்:)

விதி 302-இன்படி முதலில்: உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டாவது: தபால் அறை இதில் தலையிடக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். 306-க்குள் கதவும் பஸ்ஸும் ஒரே மூட்டையாக இருக்கின்றன. ஒன்றுக்கு ஆம், மற்றதற்கு இல்லை என்று சொல்ல வழியில்லை. உங்கள் தம்பி இதை வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்பது என் ஊகம். பார்வையிடப்பட்டது. ஐ. ரஸ்க்.


சிடார் க்ரீக் சிறை
மே 17, 1984

அன்புள்ள அக்கா,

நலமா? நான் நலமோ நலம்.

நேற்றுக் குழு கூடியது. ஐந்து பேர். கோப்பைப் புரட்டிய அம்மாள், "இந்த அக்கா இவ்ளோ கோவமா இருக்காங்களே, சமாளிச்சிருவியா?" என்று கேட்டார். "தெரியாதும்மா. ஆனா அவங்க கோவமா இருக்கறப்பதான் நல்லா சமைப்பாங்க" என்றேன். ஐவரும் கை தூக்கினார்கள்.

ஜூன் 9. பத்து மணி.

306-க்கு உன் வாக்கு இன்னும் வரவில்லை. கேள்விக்கு அடுத்த கடிதத்திலேயே பதில் வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, எனக்குத் தெரியும். சும்மா நினைவுபடுத்துகிறேன்.

வெர்லின்


பெல்ஃபோர்ட்
மே 24, 1984

அன்புள்ள வெர்லின்,

நலம். உன் கடிதம் வந்த அன்று துறையில் அத்தனை பேர் முன்னாலும் ஓவென்று அழுதேன். ஒரு மாணவன், "பரிட்சையில ஃபெயிலா மேடம்?" என்றான். "இல்லடா, பாஸு" என்றேன். வீட்டுக்கு வந்து எட்டு மணி நேரம் தூங்கினேன். அப்படித் தூங்கி எத்தனை வருடமாயிற்று என்று யோசித்துப் பார்க்கவில்லை, கணக்குப் போட்டால் மறுபடி அழுகை வரும்.

திருமதி ரஸ்க் சொன்னது சரி. கதவையும் பஸ்ஸையும் ஒரே மூட்டையாகக் கட்டி என்னை மாட்டவைக்கப் பார்த்தாய். 306-க்கு என் வாக்கு: இல்லை. அதைப் பிரித்து நானே எழுதுகிறேன். அங்கேயே வாக்கை எழுதி, வரும்போது கையில் கொண்டு வா. இனி தபாலை நம்ப நேரமில்லை.

முன்மொழிவு 307: ஆட்டக்காரர் பஸ்ஸில் வரக் கூடாது. அக்காவின் வண்டியில் வர வேண்டும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

முன்மொழிவு 308: பின்கதவு பூட்டியிருக்கும். வெளியே இருப்பவர் தட்ட வேண்டும். திறப்பது உள்ளே இருப்பவர் முடிவு.

இரண்டும் சேர்ந்தால் ஒரு சிக்கல் வருகிறது, யோசித்துவிட்டேன். உன்னை வண்டியில் கூட்டி வருபவளும் நான், உள்ளே இருக்க வேண்டியவளும் நான். ஆகவே இப்படிச் செய்யலாம். வீட்டு வாசலில் உன்னை இறக்கிவிடுகிறேன். நீ வண்டி பக்கத்திலேயே நில். நான் முன்வாசல் வழியாக உள்ளே போய் அதைச் சாத்திக்கொண்டு, சமையலறைக்குப் போய், பின்கதவில் மூன்று பூட்டும் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நாற்காலியில் உட்காருகிறேன். அதன் பிறகு நீ வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்து தட்டு. மிஸஸ் பாலி ஜன்னலில் இருந்தால் கை ஆட்டு, அவள் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

மூன்று பூட்டையும் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். நடுவில் உள்ளது துருப்பிடித்தது. சத்தம் நின்றுவிட்டால் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்துப் போய்விடாதே. அங்கேயே நில். திறந்துகொண்டிருப்பேன்.

உன் அக்கா,
நாடீன்